வேட்டைக்காரரும் கம்பி கட்டுகிறவரும்

அன்புள்ள அண்ணன்,

தேயிலை மலையில் பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பியில் மாட்டிச் செத்த சிறுத்தையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கவலையாக இருந்தது, ஆனால் ஒரு கேள்வியும் வந்தது. கனடாவில் இருக்கும் என் மச்சான் வருஷா வருஷம் லைசென்ஸ் எடுத்து வாத்து வேட்டைக்குப் போகிறவர். உங்கள் கட்டுரையை அனுப்பினேன். "இங்கே எங்களைப் போன்ற வேட்டைக்காரர் கட்டும் காசில்தான் காடும் குளமும் நிற்கிறது, அங்கே வேட்டைக்காரன் என்றாலே கள்ளன் மாதிரிப் பார்க்கிறீர்கள்" என்று சிரித்தார். எங்கள் தோட்டத்து டிவிஷனில் நாயோடு பன்றி வேட்டைக்குப் போன பெரியவர்கள் இப்போது வாயே திறப்பதில்லை. பன்றியோ லயத்து வீடுகளுக்குப் பின்னால் போட்ட உருளைக்கிழங்கை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. வேட்டைக்காரன் காட்டுக்கு நண்பனா, எதிரியா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

ர., நோர்வூட்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் மச்சான் அளக்கவில்லை. கனடாவில் வாத்து சுடப் போகிறவர் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு முத்திரையும் வாங்கியாக வேண்டும். 1985இலிருந்து அப்படித்தான், அந்தக் காசு சதுப்பு நிலங்களைப் பராமரிக்கப் போகிறது. அமெரிக்காவில் இந்த வாத்து முத்திரை 1934இலேயே வந்துவிட்டது. 1937இல் வேட்டைத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் வரியை (இன்று நூற்றுக்கு 11) வனவிலங்கு வேலைக்கென்றே மாநிலங்களுக்கு ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள், அது இன்றும் நடக்கிறது. அடுத்த வருஷமும் வாத்து வேண்டுமென்றால் அது முட்டையிட ஈரநிலம் வேண்டும், அதை யாராவது மண் போட்டு நிரப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வாத்துக்காக வாங்கிப் போட்ட அந்த நிலத்தில் யாரும் சுடாத கொக்கும் தவளையும் சேர்ந்து பிழைத்துக்கொள்கின்றன.

பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் என்று திருகுக் கொம்புள்ள ஒரு காட்டாடு இருக்கிறது. ஆண்டுக்குச் சில கிழட்டுக் கிடாய்களை மட்டும் சுட அனுமதி ஏலம் போகிறது, வெளிநாட்டுக்காரர்கள் பெருந்தொகை கொடுத்து எடுக்கிறார்கள், அதில் நூற்றுக்கு 80 அந்த மலைக்கிராமங்களுக்கே போகிறது. முன்பு இறைச்சிக்காகச் சுட்டவர்களே பிறகு ஆட்டுக்குக் காவல் நின்றார்கள். அழியும் ஆபத்தில் இருந்த அந்த மிருகத்தை 2015இல் சர்வதேசப் பட்டியலில் இரண்டு படி இறக்கி, ஆபத்து குறைந்த இடத்தில் வைத்தார்கள். ஒரு மிருகத்தைப் பணத்துக்காகச் சுட்டு அதன் இனத்தைக் காப்பாற்றுவது எனக்கு இன்னமும் உவப்பான விஷயமாக இல்லை. ஆனால் ஆடு கூடியிருக்கிறது, அதை மறுத்துப் பேச முடியாது.

சரி, நம்ம மலைக்கு வருவோம். இங்கே வேட்டைக்காரரின் பெயர் கெட்டதற்குக் காரணம் பன்றி பிடித்த தோட்டத்து ஆட்கள் இல்லை. நுவரெலியா கோல்ப் மைதானத்துப் பக்கம் மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் சமாதி இருக்கிறது. ஆயிரத்து நானூறு யானை சுட்டவர் என்று அவரைச் சொல்வார்கள், பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். (சமாதியிலும் இடி விழுந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. யானையின் சாபம் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு திருப்தி.) அவருக்கு அடுத்து வந்த சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து, நாய்களை விட்டு மரை மானை விரட்டி, கத்தியால் குத்திக் கொன்று அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஹோட்டன் சமவெளியில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் அருவிக்கு அவர் பெயர்தான். அந்தச் சமவெளியில் இன்று ஒரு யானை கிடையாது. துவக்கோடு சேர்த்துக் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டிய காட்டையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும். யானையைப் பயிரழிக்கும் மிருகமென்று சொல்லி, கொன்றவருக்கு அரசாங்கமே பரிசும் கொடுத்த காலம் அது.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் மச்சானுக்குப் பிடிக்கும். சுட மிருகம் குறைந்ததும் பயந்தவர்களும் அதே வேட்டைக்காரர்கள்தான். 1894இல் தோட்டத் துரைமாரும் அவர்களோடு வேட்டைக்குப் போனவர்களுமாகச் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்று இயங்குவது அதுதான். தென்கிழக்கில் உள்ள யாலக் காடு பாதுகாக்கப்பட்டதில் அவர்களின் கை பெரிது. அங்கே முதல் காவலராக இருந்த ஏங்கல்பிரெக்ட், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டு, கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு போயர் (அங்கே குடியேறிய டச்சு வம்சத்தவர்). 1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்த ஆண்டு யால, வில்பத்து தேசிய பூங்காக்களும் வந்தன. இன்று சிறுத்தையைக் கொன்றவர் மேல் வழக்குப் போடுவதும் திருத்தங்களோடு அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

ஆனால் அதில் ஒரு வஞ்சகமும் இருந்தது, அதையும் சொல்லாவிட்டால் பாதிக் கதை. துரை சுட்டால் அது விளையாட்டு, இங்கே குடியிருந்த உல்லாச வேட்டைக்காரர் சுடுவதற்கென்று யாலவிலேயே ஒரு பகுதியை ஒதுக்கியும் வைத்திருந்தார்கள். கறிக்காகப் பொறி வைத்த கிராமத்தானுக்குக் களவு வேட்டைக்காரன் என்று பெயர். உங்கள் டிவிஷன் பெரியவர்கள் வாய் திறக்காமல் இருப்பது இந்தப் பழைய பிரிவினையின் மிச்சம் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கேதான் நான் மச்சானோடு பிரிகிறேன். அவர் பேசுவது வேட்டையைப் பற்றி, நான் எழுதியது கம்பியைப் பற்றி. எங்கள் தோட்டத்தில் நாயோடு பன்றிக்குப் போன ஒரு தாத்தா இருந்தார். மானாப் புல்லுக்குள் போகும் தடத்தில் குந்தி உட்கார்ந்து, ஓரத்துத் தேயிலைச் செடியில் சேறு எந்த உயரத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கிளைக்கவட்டையில் ஒட்டிய மயிரை எடுத்து விரலில் உருட்டுவார். முழங்காலுக்கு மேல் சேறு இருந்தால் பெரிய ஆண். தாழ்வாகவும் சின்னச் சின்னதாகவும் இருந்தால் குட்டியோடு போயிருக்கிறது, அன்றைக்கு நாயை அவிழ்க்கமாட்டார். இரக்கமா என்று கேட்டால் முறைப்பார், "அடுத்த வருஷம் எவன் கறி தருவான்?" என்பார். கனடாக்காரர் முத்திரை வாங்குவதும் இதே புத்திதான், நம்மிடம் அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

கம்பிக்கு அந்தப் புத்தி கிடையாது. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளில் ஒரு சுருக்கு, வேலி இடுக்கில் ஒரு முடிச்சு, மற்ற நுனி ஒரு மரத்தடியில். கட்டியவர் வீட்டில் தூங்குகிறார். குட்டியோடு வருவதும் மாட்டும், மரையும் மாட்டும், பக்கத்து வீட்டு நாயும் மாட்டும். சிறுத்தைக்குத் தலையும் முன்காலும் நுழைந்துவிட்டால் இடுப்பில் இறுகும். திமிறத் திமிற இன்னும் இறுகி, வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே எல்லாம் நசுங்கிப் போயிருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தை ஞாபகம் இருக்கும். உயிரோடு எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்தது. பன்றிக்குக் கட்டிய கம்பியில் பன்றிக்குட்டி தின்கிற சிறுத்தை சாகிறது, லாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். எதைச் சுடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்க்கிற வேட்டைக்காரர் காட்டுக்கு உபயோகமானவர், அவர் கையில் துவக்கு இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். நம் மலையில் இனி உல்லாச வேட்டை வேண்டாம், இருக்கிற காட்டுத் துண்டுகள் அதைத் தாங்காது. ஆனால் உங்கள் டிவிஷன் பெரியவர்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கம்பி தேடவிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பன்றி எந்த இடுக்கில் நுழையும் என்று தெரிந்தவருக்குத்தான் கம்பி எங்கே கட்டியிருக்கும் என்றும் தெரியும். காக்கிச் சட்டை போட்டுக் கொழும்பிலிருந்து வருகிற பிள்ளைக்கு அது ஒரு வருஷத்திலும் பிடிபடாது. கூடவே உருளைக்கிழங்குக்கு நட்டஈடும் கொடுக்க வேண்டும். ஹோட்டன் சமவெளியின் பட்டிப்பொல வாசலில் வசூலாகும் டிக்கட் காசில் ஒரு சதம் எனக்குத் தெரிந்த எந்த லயத்துப் பாத்திக்கும் வந்ததில்லை. மார்க்கோர் கிராமத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, சிறுத்தை மேல் அன்பு வையுங்கள் என்று வகுப்பெடுத்து அதை ஈடுகட்ட முடியாது.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். கம்பியில் மிருகம் உயிரோடு மாட்டியிருப்பதைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், ஆட்களைக் கிட்ட விடாதீர்கள். படம் எடுக்கக் கூட்டம் கூடினால் அது மிரண்டு திமிறும், மிச்ச உயிரும் அதிலேயே போய்விடும்.

உங்கள் பெரியவர்களில் யாராவது பேச இணங்கினால் எழுதுங்கள். பெயர் போடமாட்டேன், படமும் எடுக்கமாட்டேன், தடம் பார்க்கும் விதத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்ள ஆசை. மச்சானுக்கு என் வணக்கம்.