திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் யாருக்கு எந்தக் கடற்கரை ஏற்றது?

நல்ல கடற்கரை எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது தண்ணீருக்கு அடியில் உள்ள தரைச் சரிவு. சரிவு குறைவென்றால் அலை தூரத்திலேயே உடைந்து, வேகம் தணிந்து காலை வந்து தொடும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் குளிக்க அப்படிப்பட்ட இடமே வேண்டும். சரிவு கூடினால் அலை கரையிலேயே மடிந்து விழுந்து ஆளைப் புரட்டிவிடும்.

மணப்பாட்டில் மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அலை அதைச் சுற்றி வளைந்து வருவதால் அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வருகிறார்கள். திருச்செந்தூரில் கடலாடிவிட்டு நாழிக்கிணற்றில் உப்பைக் கழுவலாம்.

எங்கே குளித்தாலும் இழுப்பை, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தை, கவனியுங்கள். வயலில் தேங்கிய தண்ணீர் மடை வழியே பாய்வதுபோல, அலை கரையேற்றிய தண்ணீர் குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள்.

அலை உடையாத அமைதியான பட்டைதான் பாதுகாப்பு என்று பலர் அங்கே இறங்குகிறார்கள்; பல நேரம் இழுப்பு ஓடுவதே அந்த இடத்தில்தான்.