தொடக்கப் பள்ளியில் இசை, ஓவியம், உடற்கல்வி வகுப்புகளில் குழந்தைகள் உண்மையில் எதைக் கற்கிறார்கள்?

உங்கள் மகள் முதல் வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும், இசை, ஓவியம், உடற்கல்வி, நூலகம், கணினி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர்கள் வருவதாகவும், என்ன படித்தாய் என்று கேட்டால் "விளையாடினோம்" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்வதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நேரத்தை வாசிப்புக்கும் கணக்குக்கும் கொடுத்தால் என்ன என்ற கேள்வியையும் சேர்த்திருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளியில் இசையாசிரியராகப் பணிபுரிந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். அதனால் இசையைப் பற்றிய பகுதி சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் சொன்னது உண்மைதான், அவள் விளையாடியிருக்கிறாள். ஆனால் எந்த விளையாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு; பாடம் அந்த வரிசைக்குள்தான் இருக்கிறது.

இசை வகுப்பில் முதலில் கற்பது பாட்டு அன்று, தாளம். ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே கை தட்டச் சொன்னால், பெரும்பாலானோர் சொற்களின் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு தட்டுவார்கள். சொற்கள் நெருங்கி வருமிடத்தில் கையும் வேகமெடுக்கும், பாட்டு முடிவதற்குள் தொடங்கிய வேகம் இரு மடங்காகியிருக்கும். சொற்கள் எப்படி ஓடினாலும் அடியில் மாறாமல் நடக்கும் ஓர் அளவு இருக்கிறது என்பதை அவர்கள் உணர வேண்டும். இதை விளக்கிச் சொல்லிப் பயனில்லை. நடக்க வைக்க வேண்டும், முழங்காலில் தட்ட வைக்க வேண்டும், பாட்டைப் பாதியில் நிறுத்தி மனத்துக்குள் மட்டும் பாடச் சொல்லிக் கால்கள் நடந்துகொண்டேயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜெனீவா இசைக் கல்லூரியில் பாடம் நடத்திய எமில் ஜாக்-டால்குரோஸ், தேர்ந்த மாணவர்களுக்கே லயம் உடலில் இறங்கவில்லை என்பதைக் கண்டுதான் அசைவின் வழியாக இசை கற்பிக்கும் முறையை உருவாக்கினார். குழந்தைகளின் வகுப்பில் நீங்கள் காணும் ஓட்டமும் நடையும் அங்கிருந்து வந்தவை.

அடுத்தது சுருதி. இந்த வயதில் கேட்ட சுருதியை அப்படியே திருப்பிப் பாட இயலாத குழந்தைகள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் பேச்சுக் குரலிலேயே பாட முயல்கிறார்கள் என்பதுதான் சிக்கல். பாடும் குரல் வேறு என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சைரன் ஒலி, ஆந்தையின் அலறல் போன்ற விளையாட்டுகள் தரப்படுகின்றன. "இவளுக்குக் குரல் இல்லை" என்று வீட்டில் யாராவது முடிவு கட்டிவிட்டால் குழந்தை முயல்வதையே விட்டுவிடுகிறது. அந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து வீட்டில் அனுமதிக்காதீர்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் (1882–1967) பெயரால் அறியப்படும் முறையில், முதலில் இரண்டே ஸ்வரங்கள்தாம் வருகின்றன: பஞ்சமமும் (ப) அதற்குக் கீழுள்ள அந்தர காந்தாரமும் (க). குழந்தைகள் தெருவில் ஒருவரையொருவர் கூப்பிடும் தொனிக்கு அது நெருக்கமானது. பிறகே மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. உங்கள் மகள் கையை ஏற்றி இறக்கி ஏதோ சைகை காட்டினால், அது அந்த ஸ்வரங்களுக்கான அடையாளம்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வகுத்த வழியில் நடக்கும் வகுப்புகளில், வரிசையாக அடுக்கிய கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சிறிய சைலஃபோன்கள் இருக்கும். அவற்றின் கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். மத்திமத்தையும் (ம) நிஷாதத்தையும் (நி) கழற்றி வைத்துவிட்டால் எஞ்சுவது, நமக்குப் பழக்கமான பெயரில் சொன்னால், மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள். எந்தக் கட்டையை எப்போது தட்டினாலும் காதை உறுத்தாது. இருபது பேர் ஒரே நேரத்தில் தாமாகக் கற்பனை செய்து வாசிக்கலாம், வகுப்பறையும் தாங்கும். தவறு நேராதபடி கருவியையே ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுக் குழந்தையைச் சுதந்திரமாக விடும் இந்த யோசனையைக் காட்டிலும் அழகான ஒன்றைக் கல்வித் துறையில் நான் அதிகம் கண்டதில்லை.

உடற்கல்வியிலும் இப்படியொரு வரிசை உண்டு. பந்தைப் பிடிக்கத் தெரியாத குழந்தை இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டி, பந்து நெருங்கும்போது முகத்தைத் திருப்பிக் கண்களை மூடிக்கொள்ளும். பந்து மார்பில் மோதிய பிறகு கட்டிப்பிடிக்கப் பார்க்கும். அதனால் நல்ல ஆசிரியர் பந்தில் தொடங்குவதில்லை. மெல்லிய துணியையோ பலூனையோ மேலே எறிந்து பிடிக்கச் சொல்கிறார், ஏனென்றால் அவை மெதுவாக இறங்குகின்றன, கண்கள் அவற்றைத் தொடர்ந்து செல்ல நேரம் கிடைக்கிறது, முகத்தில் பட்டாலும் வலிப்பதில்லை. பிறகு தானியம் நிரப்பித் தைத்த, கையில் அமர்ந்துகொள்ளும் சிறு துணி மூட்டை, அதன் பிறகு பெரிய மென்பந்து, கடைசியில்தான் சிறிய பந்து. எறிவதும் அப்படியே: வலக்கையால் எறியும் குழந்தை தொடக்கத்தில் இலக்கை நேராகப் பார்த்து நின்று, கால்களை அசைக்காமல் கையை மட்டும் வீசும், பக்கவாட்டில் திரும்பி, இடக்காலை முன்வைத்து, இடுப்பைச் சுழற்றி எறிவது தானாக எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. அதைக் கற்காமல் மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளை அணி விளையாட்டுகளில் ஓரமாக நிற்கத் தொடங்குகிறது, பிறகு விளையாட்டே பிடிக்காது என்று சொல்லத் தொடங்குகிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாரத்துக்கு ஓரிரு வகுப்புகள் அந்த அளவை எட்டா. ஆகவே வகுப்பின் வேலை வியர்க்க வைப்பதைவிட, மீதி நேரங்களில் விளையாடத் தேவையான திறன்களைக் கொடுப்பது என்றே நான் கருதுகிறேன்.

ஓவிய வகுப்பைப் படத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். தலையிலிருந்து நேரே கைகால்கள் முளைத்த மனிதர்கள், தாளின் அடியில் ஒரு பச்சைப் பட்டையாக நிலம், மேலே ஒரு நீலப் பட்டையாக வானம், இடையில் வெறும் வெள்ளை என்பவை எல்லாம் இந்த வயதுகளை ஒட்டி வந்துபோகும் கட்டங்கள்; கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1940-களிலேயே இவற்றை வகைப்படுத்திவிட்டார். வானம் தரையைத் தொட வேண்டும் என்று திருத்துவதால் குழந்தைக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆசிரியர் உண்மையில் கற்பிப்பது பொருள்களைக் கையாள்வதை: கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பி வெட்டுவது, மஞ்சளில் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்த்துப் பச்சையாக்குவது, களிமண் யானைக்குத் துதிக்கையை ஒட்டும்முன் இரண்டு பக்கங்களையும் கீறிக் குழைத்த சேற்றைத் தடவுவது. அப்படிச் செய்யாமல் வெறுமனே அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் துதிக்கை தனியே விழுந்துவிடும். இதை ஒருமுறை இழந்து பார்த்த குழந்தைக்கு மறுமுறை நினைவூட்ட வேண்டியதில்லை.

நூலகத்தையும் கணினியையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட எண் முறையைப் பின்பற்றும் நூலகம் என்றால், விலங்குகளைப் பற்றிய நூல்கள் 590-களில் இருக்கும் என்பதையும், கதைகள் ஆசிரியர் பெயரின் வரிசையில் இருக்கும் என்பதையும் குழந்தை சில ஆண்டுகளில் தெரிந்துகொள்ளும். முதல் வகுப்பில் புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுப்பதே போதுமான பாடம். கணினியில், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் படக் கட்டளைகளை வரிசையாக அடுக்கிப் பூனையை நகர்த்தும் ஸ்கிராட்ச் ஜூனியர் போன்ற செயலிகள் பயன்படுகின்றன. கட்டளைகளின் வரிசை மாறினால் விளைவும் மாறும் என்பது அங்கே கிடைக்கும் முதல் அறிவு.

இனி, வாசிப்புக்கும் கணக்கிற்கும் இந்த நேரத்தைக் கொடுக்கலாமே என்ற கேள்வி. இசை கற்றால் கணக்கு வரும் என்று சிலர் உங்களுக்குச் சமாதானம் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். மொஸார்ட்டைக் கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சுக்குக் காரணமான 1993-ஆம் ஆண்டு ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. அதில் தென்பட்ட பலனும் சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. இசை இசைக்காகவே கற்பிக்கப்பட வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தை அதற்கும் மற்றவற்றுக்குமாகப் பகிர்வதால் வாசிப்பு கெட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. எழுத்தில் பின்தங்கும் பிள்ளைக்கு "நானும் ஒன்றில் கெட்டிக்காரன்" என்று தோன்றும் இடம் பெரும்பாலும் இந்த வகுப்புகளே என்பதால், தனிப்பயிற்சிக்காக அவனை அங்கிருந்து அழைத்துச் செல்லும் வழக்கத்தை மட்டும் நான் கடுமையாக எதிர்ப்பேன்.

உங்கள் பள்ளியில் இவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று அறிய விரும்பினால், ஆண்டு விழா நிகழ்ச்சியை வைத்துப் பார்க்காதீர்கள். ஒரே பாட்டை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த வகுப்புகூட அன்று பிரமாதமாகத் தெரியும். சுவரில் தொங்கும் படங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆசிரியரைச் சந்திக்கும்போது, "இந்தப் பருவத்தில் என்ன செய்கிறீர்கள், இதற்கு முன் என்ன செய்தீர்கள், அடுத்து என்ன வரும்?" என்று கேளுங்கள், வரிசை வைத்திருப்பவர் தயங்காமல் சொல்வார். மகளிடம் "என்ன படித்தாய்" என்று கேட்பதற்குப் பதிலாக, "எனக்கும் அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். விதிகளை அவள் எந்த ஒழுங்கில் சொல்கிறாள், நீங்கள் பிசகும்போது எதைத் திருத்துகிறாள் என்பதிலிருந்து வகுப்பில் நடந்தது உங்களுக்கு ஓரளவு தெளிவாகத் தெரிந்துவிடும்.