முன்வரிசை நல்ல இடமா? நேரடி இசை நிகழ்ச்சிக்கு முதல்முறை போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

தூறல்: பிடித்த பாடகரை முதல்முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். எப்பாடு பட்டாவது முன்வரிசையைப் பிடி என்கிறாள் தோழி. பிடிக்கலாமா?

முகம் பார்க்க அதுதான் இடம். பாட்டுக் கேட்க அல்ல.

மேடையின் இருபுறமும் வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்கும் ஸ்பீக்கர் வரிசைக்கு லைன் அரே என்று பெயர். அதன் ஒலி பெரும்பாலும் முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலாகப் பின்னால் போய்விடும். அவர்களுக்காக மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்களை வைப்பார்கள். அவற்றின் நேர்க்கோட்டில் இல்லையென்றால் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் மேடைப் பெட்டி) மட்டும்தான் காதில் அறையும், குரல் அமுங்கிவிடும். தரையில் அடுக்கிய சப்வூஃபர் (பேஸ் எனும் கனத்த தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பக்கத்தில் இருந்துவிட்டாலோ நெஞ்சுக்கூடு அதிரும், ஒரு சொல் பிடிபடாது.

கூட்டத்துக்கு நடுவே தடுப்பு கட்டி, மிக்ஸர் எனும் ஒலி கலக்கும் மேசை வைத்து ஒலிப் பொறியாளர் நிற்பார். தன் காதில் விழுவதை வைத்துத்தான் அவர் ஏற்றி இறக்குகிறார். அந்தத் தடுப்புக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் நில்லுங்கள். சரிநடுக் கோட்டிலிருந்து மட்டும் இரண்டு மூன்று மீட்டர் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்து சப்வூஃபர் ஒலியும் நடுக்கோட்டுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் பேஸ் அங்கே வீங்கிக் கேட்கும்.

கடைசி பெஞ்ச்: எனக்குக் கிடைத்தது கடைசிப் பகுதி. திரையில் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று ஓடுமாமே?

ஓடும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 0.3 நொடி பிந்தி வரும். கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும். பெரிய மைதானங்களில் நடுவில் கோபுரம் நிறுத்தி அதிலும் ஸ்பீக்கர் மாட்டுவார்கள். மேடை ஒலி வந்து சேரும் நேரத்துக்கு ஒத்துப்போகும்படி அதைத் தாமதித்து ஒலிக்கவிடுவதால் எதிரொலி கேட்காது, ஆனால் திரையோடு உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். இடத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றால் அந்தக் கோபுரத்தைத் தாண்டிப் பத்துப் பதினைந்து மீட்டரில் இருங்கள். குரல் தெளிவாக விழும்.

நிலாமுற்றம்: காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா சார்? கூட ஆறு வயதுப் பையனும் வருகிறான்.

பஞ்சால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. கணக்கைப் பாருங்கள்: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பணியிடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நிகழ்ச்சியோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். அரங்குகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2022இல் சொன்ன உச்ச வரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான்.

ஃபோம் காதடைப்பான் மலிவு. ஆனால் உயர்சுருதி ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். பாட்டுக்கென்றே வரும் ஃபில்டர் வைத்த அடைப்பான் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். ஃபோம்தான் கைவசம் என்றால் விரலிடையே ஒல்லியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் அழுத்தி வையுங்கள். உங்கள் குரலே பானைக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அட்டையில் போட்டிருக்கும் டெசிபலை நம்ப வேண்டாம்.

பையனுக்கு ஹெட்போன் வடிவத்தில் தலையில் மாட்டும் காதுக்கவசம் வாங்குங்கள். மறுநாளும் காதில் இரைச்சல் நிற்காவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.

ராகமாலிகை: வீடியோக்களில் பார்த்தால் ஒரிஜினலை விடச் சுருதி இறக்கிப் பாடுகிறார். சில இடங்களில் உதட்டசைவோ என்றும் சந்தேகம்.

இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். தொடர்ந்து பல நாள் பாடுகிறவர்கள் அரை அல்லது ஒரு ஸ்வரம் இறக்குவது சகஜம், அது குரலைக் காப்பாற்றும் வழி. ஸ்டுடியோவில் பல டேக்குகளிலிருந்து நல்லதைப் பொறுக்கி ஒட்டுகிறார்கள். மேடையில் ஒரே டேக்.

கோரஸ், கூடுதல் வாத்தியம் எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்த டிராக்கில் ஓடலாம். அதோடு சேர்ந்து போகத்தான் டிரம்மர் காதில் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) ஓடிக்கொண்டிருக்கும். முக்கியக் குரலைச் சோதிக்க வேண்டுமா? மைக் வாயை விட்டு ஒரு சாண் விலகும்போது கவனியுங்கள். சத்தம் துளியும் குறையாவிட்டால் சந்தேகப்படலாம். பாடகர் ஒரு பக்க இயர்பீஸைக் கழற்றினால் மானிட்டரில் (அவர் காதுக்கு வரும் மேடை ஒலியில்) ஏதோ கோளாறு, அல்லது கூட்டம் கூடவே பாடுவதைக் கேட்க ஆசை.

சின்னக்குருவி: அண்ணா, நான் ஐந்தடி. நிற்கும் பகுதி டிக்கெட், தனியாகப் போகிறேன். பயமாக இருக்கிறது.

மேடைக்கு நேர் எதிரே முண்டாமல் ஓரமாகவோ பின்னாலோ நில்லுங்கள். வெளிவாசல் எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்துவையுங்கள், நீங்கள் நுழைந்த வாசலே பக்கத்து வாசலாக இருக்க வேண்டியதில்லை.

சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம். நாலா பக்கமும் உடம்பு உரசி, கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியாத நிலை வந்தாலே கிளம்பிவிடுங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நெருக்கடியில் கைகளைக் குத்துச்சண்டைக்காரர் போல நெஞ்சுக்கு முன் மடக்கி வையுங்கள், மூச்சு விட இடம் வேண்டும். கூட்டம் தள்ளும் அலையை எதிர்க்காமல், அது தணியும்போது கோணலாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்பு, போன் எது விழுந்தாலும் குனியக் கூடாது.

பிக்சல் பாண்டி: போனில் எடுத்தால் பாடகர் முகம் வெள்ளைப் பூசணிக்காய், சத்தம் கரகரப்பு. என்ன செய்ய?

சுற்றிலும் இருட்டு என்பதால் போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, பிரகாசத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஃபிளாஷை அணையுங்கள், முன்னால் நிற்பவர் பிடரியைத் தாண்டி அது போகாது. கரகரப்புக்குக் காரணம் மைக் தாங்காத சத்தம். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளிப் போவதைத் தவிர வழியில்லை. ஒரு பாட்டு எடுத்துவிட்டுப் பையில் போட்டுவிடுங்கள்.

டிக்கெட்டும் அதே போனில்தானே? வாசலில் நெட்வொர்க் திணறும், வீட்டிலேயே இறக்கி வையுங்கள். நொடிக்கு நொடி மாறும் பார்கோடு என்றால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

அவசரக்காரன்: வண்டி எடுக்கணும். கடைசிப் பாட்டு முடிந்ததும் நழுவிடலாமா?

விளக்கைப் பாருங்கள். பாடகர் கும்பிட்டுவிட்டு உள்ளே போன பிறகும் அரங்கு இருட்டாகவே இருந்து, வாத்தியங்கள் மேடையில் அப்படியே கிடந்தால் திரும்பி வருவார். பலரும் பெரிய ஹிட்டை அதற்கென்றே மிச்சம் வைத்திருப்பார்கள். அரங்க விளக்குகள் எரிந்து, ஸ்பீக்கரில் பதிவுப் பாட்டு ஓடி, ஆட்கள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தால் சாவியை எடுங்கள்.