மாலை போட்டதும் வலிப்பு: குடியை எப்படி நிறுத்துவது?

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் என் அப்பாவுக்கு 48 வயது. தினமும் ஒரு குவார்ட்டர், கூலி நாளில் இரண்டு. வாயில் புகையிலையும் அடக்குவார். போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்தினார். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. சாமி குத்தம் என்றார்கள். இந்த வருடமும் மாலை போடுவேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: சாமி குத்தம் எதுவும் இல்லை. மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. குடி சட்டென்று நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் வரும். 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் ஆள் அடையாளம் தெரியாத உளறலும் காய்ச்சலும் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம்.

"ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்லாதீர்கள். 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால்.

மாலை போடும் நாளுக்குப் பத்து நாள் முன்பே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அதுவரை திடீரென நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருந்தபடி நிறுத்திப் பார்ப்பது சரியல்ல. நடு இரவில் வலிப்பு வந்தால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டும். அப்படி வந்துவிட்டால் கையில் சாவி திணிக்காமல், வாயில் தண்ணீர் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். அதற்கு முன் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், தயமின் குறைந்த மூளைக்குக் கெடுதல் வரலாம். நடுக்கத்துக்குக் குளோர்டயசெபாக்சைடு, கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். ஐந்து முதல் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். பழைய சீட்டைக் காட்டி அதையே கடையில் வாங்கித் தொடர்ந்தால், குடி போய் மாத்திரைப் பழக்கம் வரும். இதை நிறையப் பார்க்கிறோம்.

குழம்பில் கலக்கும் மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம். வேண்டவே வேண்டாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியோடு ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். அவர் சம்மதித்து, ரத்தப் பரிசோதனை முடிந்து, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகே தொடங்க வேண்டிய மருந்து அது. நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கும் ஆகாது. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இருக்கின்றன. முன்னதற்குக் கல்லீரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவோம்.

புகையிலை கதை வேறு. அதைத் திடீரென விட்டால் எரிச்சலும் தூக்கக் கெடுதலும் வரும், உயிருக்கு ஆபத்தில்லை. முதல் மூன்று நாள் கடுமை, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம்மைக் காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். எழுந்த அரை மணிக்குள் புகையிலை தேடுபவராக இருந்தால் 4 மில்லிகிராம்.

விரதம் இருக்கும்வரை அவரைக் காப்பது மாலை. மாலை கழற்றும் நாளும் அதற்குப் பின் வரும் முதல் கூலி நாளும்தான் சறுக்கும் இடம். அந்த வாரத்துக்கு மருத்துவரிடம் முன்கூட்டியே தேதி வாங்கிவிடுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் கூலியை அம்மாவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம். ஒரு நாள் குடித்துவிட்டாலும் திட்டிக்கொண்டிருக்காமல் மறுநாளே அழைத்து வாருங்கள். போதை பற்றிய ஆலோசனைக்கு 14446, புகையிலைக்கு 1800-11-2356, இரண்டும் இலவசம்.