விழாப் படம் வேண்டாம், புத்தகத்தைக் காட்டுங்கள்

கிளை நூலகங்களில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நூலகத்துக்குச் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, எங்கள் நூலகத்தின் முகநூல் பக்கத்தில் விழாப் படங்களைத் தவறாமல் போடுகிறோம். ஆனாலும் புதிதாக ஒருவரும் வரவில்லையே?

பதில்: பொன்னாடை போர்த்தும் படத்தில் வாசகருக்கு என்ன இருக்கிறது? புத்தகத்தைக் காட்டுங்கள். நான் கடைசியாக இருந்த நூலகத்தில் தேனீ வளர்ப்பு பற்றிய சிறு நூல் ஒன்று இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த தேதித்தாளில் கடைசி முத்திரை விழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அட்டையையும் அந்தத் தாளையும் படமெடுத்து, "தேன்பெட்டியில் எறும்பு ஏறாமல் காப்பது எப்படி என்று இதில் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை" என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் கதவைத் திறக்கப் போனால், தென்னந்தோப்புக்காரர் ஒருவர் சைக்கிளோடு நிற்கிறார். அவர் உறுப்பினர்கூட அல்லர். யாரோ அவருக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயே உறுப்பினராகி, நூலை எடுத்துக்கொண்டு போனார்.

'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்பது, சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட, நூலகங்களுக்கான ஐந்து விதிகளில் ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த வண்டி செய்த வேலையை இன்று நம் கைபேசி செய்ய வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் சேரப் பெண்கள் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தயக்கம் நியாயமானதுதான் அம்மா. குழுவில் ஒருவருடைய எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை. பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே நூல் வழங்கும் மேசையிலேயே எண்ணை எழுதி வையுங்கள்.

கேள்வி: புது நாவலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் பகிரலாமா?

பதில்: கூடாது. எழுத்தாளரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. பாரதியார், புதுமைப்பித்தன் போன்றோரின் நாட்டுடைமையான எழுத்துகளைத் தாராளமாகப் பகிருங்கள்.

கேள்வி: கதை நேரத்துக்கு வரும் குழந்தைகளின் படங்களைப் போடலாமா அண்ணா?

பதில்: பெற்றோரிடம் கேட்காமல் போடாதீர்கள். நானாக இருந்தால் முகத்தை விட்டுவிட்டு, கதை கேட்டபின் அவர்கள் வரைந்த ஓவியங்களைப் போடுவேன். யார் எந்த நூலை எடுத்தார் என்பதையும் வெளியிடக் கூடாது.

கேள்வி: நூலகத்தில் நான் ஒருவன்தான். இதற்கெல்லாம் நேரம் ஏது?

பதில்: ஒரே ஊடகம், வாரம் இரண்டு செய்தி போதும் தம்பி. படமெடுக்க வாசகர் வட்டத்து மாணவர் யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். "இந்த நூல் இருக்கிறதா?" என்று கேட்பவருக்கு மட்டும் அன்றே பதில் சொல்லிவிடுங்கள். விடுமுறை என்றால் முதல்நாள் மாலையே அறிவித்துவிடுங்கள். இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.