வீட்டிலேயே மிக்ஸட் மீடியா காகித வேலைப்பாடு செய்து பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

தாள், சாயம், துணி, நூல் எல்லாவற்றையும் கலந்து செய்து பார்க்க ஆசை, ஆனால் ஒட்டினால் அட்டை வளைந்துவிடுகிறது, சில இடங்களில் நிறம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். எந்தப் பொருள் தண்ணீரைக் குடிக்கும், எது தள்ளிவிடும் என்பது பிடிபட்டால் அப்புறம் எதையும் எதனோடும் சேர்க்கலாம். கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டியதில்லை.

முதலில் தாள். ஒரு செய்தித்தாளை நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசையில்தான் இழைகள் படுத்திருக்கின்றன. பசையில் உள்ள தண்ணீர் பட்டதும் இழைகள் பருக்கும். தாள் இழைக்குக் குறுக்கே விரியும், காய்ந்ததும் சுருங்கும், அடியில் உள்ள அட்டையையும் சேர்த்து இழுக்கும். தாளின் இழையும் அட்டையின் இழையும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டினால் இந்த இழுப்பு குறையும். அட்டையின் பின்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரு பக்க இழுப்பும் சமமாகிவிடும். பிறகு மேலும் கீழும் பாலித்தீன் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மைதாப் பசையில் தண்ணீர் அதிகம், அதனால் வளைவும் அதிகம். ஆனால் ஒட்டிய தாளை நகர்த்திச் சரிசெய்ய அது நேரம் தரும். பெரிய தாளுக்கு மைதா, சின்னத் துண்டுகளுக்கும் துணி, நூலுக்கும் ஃபெவிகால் என்பது என் வழக்கம்.

நிறம் பிடிக்காததற்கும் ஃபெவிகால் ஒரு காரணம். காய்ந்ததும் அது பிளாஸ்டிக் ஏடாக மாறிவிடும், வாட்டர்கலர் அதன்மேல் முத்து முத்தாக உருளும். அங்கே அக்ரிலிக் பிடிக்கும். இல்லாவிட்டால் ஃபெவிகாலில் சுண்ணப்பொடியை (சாக் பவுடர், வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) குழைத்து ஒரு பூச்சு கொடுங்கள், பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இன்னும் கெட்டியாகக் குழைத்தால் மேடு கட்டலாம். தஞ்சாவூர் ஓவியங்களில் தங்கத்தாளுக்கு அடியில் புடைத்து நிற்பதும் சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த கலவைதான். கிரேயான், ஆயில் பேஸ்டல் எல்லாம் கடைசியில் வரட்டும். அவற்றின்மேல் எந்தத் தண்ணீர்ச் சாயமும் நிற்காது.

அந்த நிற்காத குணத்தையே பயன்படுத்துகிற ஒரு பரிசோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது இது. மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆல்கஹால் உள்ள திரவ சானிடைசரில் கலக்கி, தெளிந்ததும் மேலே நிற்பதை மட்டும் கெட்டித் தாளில் பூசுங்கள் (அடுப்பு பக்கத்தில் வேண்டாம்). காய்ந்ததும் வெள்ளை மெழுகுவத்தியால் அழுத்திக் கோலம் போடுங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாது, தாளைச் சாய்த்துப் பிடித்தால் மினுமினுப்பு மட்டும் தெரியும். இப்போது சுண்ணாம்புத் தெளிநீரை பிரஷ்ஷால் தடவுங்கள். ஆரத்தித் தட்டில் வருகிற அதே சிவப்பு தாள் முழுக்கப் பரவும், மெழுகு பட்ட இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். சிவப்புக்கு நடுவே கோலம் தானாக எழுந்து வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. குழந்தைகள் செய்வதாக இருந்தால் சுண்ணாம்புக்குப் பதில் சோப்புத் தண்ணீர் கொடுங்கள். நிறம் கொஞ்சம் மங்கலாக வரும், கண்ணில் பட்டால் எரியும், ஆனால் சுண்ணாம்பு அளவுக்கு ஆபத்தில்லை.

அந்தத் தாளைக் கிழித்து, கத்தரிக்காமல் கையாலேயே கிழித்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டுங்கள். பத்திரிகை வழவழப்பாக இருந்தால் முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். மேலே ரவிக்கைத் துணி ஓரம், கொஞ்சம் நூல். நல்ல பொங்கல் வாழ்த்து அட்டை தயார்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் மேரி டெலானியைச் சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். எழுபது வயதுக்கு மேல்தான் நிறத்தாள்களை நுணுக்கமாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். சிலவற்றில் நிஜ இலையையே காயவைத்து ஒட்டியிருக்கிறார். அப்படி ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பூக்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

காசு செலவழிப்பதாக இருந்தால் தாளுக்கு மட்டும் செலவழியுங்கள். ஜெராக்ஸ் எடுக்கிற 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் இவ்வளவு ஈரத்தைத் தாங்காது, 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் தாங்கும். புதுச்சேரிப் பக்கம் போனால் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள், பருத்திக் கழிவிலிருந்து செய்வது. செய்தித்தாளை அடியில் கொடுக்கலாம், மேலே வேண்டாம், சீக்கிரம் பழுப்பேறும். மஞ்சள் பூசியதை வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள், வெளுத்துவிடும். சிவப்பும் நாளாக நாளாக மங்கும். பொங்கலுக்கு அனுப்புவதாக இருந்தால் அந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள்.