அதிகம் பேசப்படாத, ஆனால் நீங்கள் கொண்டாடும் பாடகி யார்?

கானி கான்வர்ஸ். 1924-இல் அமெரிக்காவில் பிறந்தவர். கேள்வியைப் பார்த்தால், ஆப் திரும்பத் திரும்பப் போடும் அதே பாட்டுகளில் சலித்துப்போய்ப் புதுக் குரல் ஒன்றைத் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாட்டு எழுதியது, மெட்டுப் போட்டது, கிட்டார் வாசித்தது எல்லாமே கானிதான். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நியூயார்க் வந்தவர். 1954-இல் ஜீன் டைட்ச் தன் வீட்டில் வைத்து அவர் பாடியதை டேப்பில் பதிவு செய்தார். பின்னாளில் டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன்கள் சிலவற்றை இயக்கிய அதே டைட்ச். அந்த வருடமே சிபிஎஸ் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியிலும் கானி பாடினார். இசைத்தட்டு மட்டும் வரவே இல்லை. 1961-இல் நியூயார்க்கை விட்டே கிளம்பிவிட்டார். பாப் டிலன் அந்த ஊருக்கு வந்து சேர்ந்ததும் அதே வருடம்தான்.

'டாக்கிங் லைக் யூ' என்றொரு பாட்டு. விட்டுப்போன ஒருவரைப் பற்றியது. கானி அழுவதே இல்லை. மரத்தில் அணில் மாதிரி ஏதோ கத்துகிறது, நாம் சண்டை போட்டது போலவே இருக்கிறது என்கிறார். வளர்க்கிற பன்றிகள் உன்னைப் போலவே சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகின்றன என்கிறார். டெலிபோன் இல்லாமலே உன் பேச்சு கேட்கிறதாம். குரலை எங்கும் உயர்த்துவதில்லை. கிட்டாரும் வெறுமனே தாளம் போடாமல் மெட்டோடு கூடவே நகர்கிறது.

இது என்னை ஏன் இவ்வளவு தொடுகிறது என்றால், கல்லூரி ஆண்டு விழாவுக்கு நானும் ஒரு பாட்டு எழுதி மெட்டுப் போட்டேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து போட்டது. சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்ப வழி கிடைக்காமல் தவித்து, கடைசி வரியில் ஒரு ஸ்வரத்தை இறக்கிப் பார்த்ததும் சட்டென்று பொருந்தியது. அந்தச் சந்தோஷம் இன்னும் அப்படியே இருக்கிறது. மேடையில் 'இசை' என்று கீபோர்டு வாசித்த பையன் பெயரைச் சொன்னார்கள். எனக்கு 'இனிய குரல்' என்று பாராட்டு. இறங்கி வந்து, மெட்டு நான் போட்டது என்றேன். "அதனால என்னம்மா, பாடினது நீதானே?" என்றார்கள். அந்தப் பையன் மேல் குறையே இல்லை, அவனும் போய்ச் சொல்லிப் பார்த்தான். அதற்கப்புறம் நான் மேடைக்கு எதுவும் எழுதவில்லை. சொந்தக்காரர்களிடம் பாடிக் காட்டினால், "எந்தப் படம்?" என்று கேட்பார்கள்.

சம்பந்தமில்லாமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இலங்கை வானொலியில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் எல்லோரையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்களாம், அம்மா சொல்வார். இப்போது எஃப்எம்மில் ஹீரோ பெயரைச் சொல்லிப் பாட்டைப் போடுகிறார்கள். எழுதியவர் என்ன பாவம் செய்தார்?

"இங்கே ஆளே இல்லாத மாதிரி ஆங்கிலப் பாடகியைத் தூக்கிப் பிடிக்கிறாள்" என்று யாராவது வருவீர்கள். என் வீட்டில் நாள் முழுக்க ஓடுவது தமிழ்ப் பாட்டுதான். கானிதான் உலகின் முதல் சிங்கர்-சாங்ரைட்டர் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்க ப்ளூஸ் பாடகி மெம்ஃபிஸ் மின்னி எல்லாம் அவருக்கு முன்பே சொந்தமாக எழுதி, கிட்டார் வாசித்துப் பாடியவர்.

1974 ஆகஸ்டில், ஐம்பது வயதில், வேண்டியவர்களுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுக் காரில் கிளம்பிய கானி திரும்பவே இல்லை. யூட்யூபில் தேடினால் இந்த மர்மம்தான் முதலில் வரும், பாட்டு பின்னணியில் கொஞ்சம் ஓடும். எனக்கு அதில்தான் கோபம். அந்தப் பாட்டுகள் இல்லாவிட்டால் அவர் காணாமல் போனதை யார் தேடியிருக்கப் போகிறார்கள்? 2004-இல் டைட்ச் ஒரு நியூயார்க் வானொலியில் அந்தப் பழைய டேப்பைப் போட்டார். அதைக் கேட்டவர்களின் முயற்சியால் 2009-இல் 'ஹவ் சேட், ஹவ் லவ்லி' என்ற ஆல்பம் வந்தது.

'ரோவிங் உமன்' பாட்டில் ஆரம்பியுங்கள். ஊர் சுற்றும் பெண்ணைப் பற்றி ஊர் பேசுவதை வைத்து எழுதியது, கேட்டால் சிரிப்பு வரும். வீட்டில் பதிந்த டேப் என்பதால் இரைச்சல் இருக்கும், ஹெட்போனில் கேளுங்கள்.